பழைய பட்டியலும் புதிய பட்டியலும்

பழைமை வேறு, பழக்கம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே உலகில் பல வீண் வழக்குகள் எழுகின்றன. பழையது என்னும் ஒரே காரணத்தால் ஒன்றைப் போற்றுவோனும், புதியது என்னும் ஒரே காரணத்தால் ஒன்றைத் தழுவுவோனும் எதிரெதிரே நின்று ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் பொருளின் குணத்தை ஆராய்வதில்லை; அதன் வயதை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றனர். பகுத்தறிவு கொண்டு நோக்குவோர்க்கு வயது ஒரு நியாயமாகாது.

இவ்வுண்மையை விளக்க, நாள்தோறும் நம் கைபடும் சிறு பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கணினித் திரையில் நாம் வேண்டும் வேலையைத் தெரிந்தெடுக்கும்பொருட்டு அடுக்கி வைக்கப்பட்டுள்ள கட்டளைகளின் வரிசைக்கு மெனு என்று பெயர். உணவு விடுதியில் பலகாரங்களின் பெயரையும் விலையையும் எழுதி வைத்திருக்கும் அட்டைக்குரிய பெயரே இதற்கும் இடப்பட்டது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இப்பட்டியல் பலமுறை உருமாற்றம் அடைந்தது. மாறிய போதெல்லாம், முன்னிருந்ததே நன்று என்று ஒரு கூட்டத்தார் குரல் எழுப்பினர். அவர்களை மாற்றத்திற்கு அஞ்சும் பழமைவாதிகள் என்று மற்றொரு கூட்டத்தார் இகழ்ந்தனர். இவ்வழக்கில் நீதி எப்பக்கம் உள்ளது என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனப்பாடக் காலம்

1981ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தார் தம் சொந்தக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் பட்டியல் என்று ஒன்று இல்லை. கறுத்த திரையில் ஓர் எழுத்தும் ஒரு கோடும் மின்னிக்கொண்டிருக்கும். வேலை வாங்க வேண்டுபவன் ஆங்கிலச் சுருக்கச் சொற்களாலான கட்டளைகளை நினைவில் வைத்திருந்து எழுத்துப்பிழையின்றி அடித்தல் வேண்டும். ஓர் எழுத்துத் தவறினும் யந்திரம் மறுத்துவிடும். என்னென்ன கட்டளைகள் உள என்பதை யந்திரம் தானாக எடுத்துச் சொல்லாது. கற்றவனுக்கு அது ஏவலாள். கல்லாதவனுக்கு அது வாய் திறவாத கல்.

இந்நிலையை மாற்ற முயன்றோர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருந்தனர். 1968ஆம் ஆண்டு டிசம்பரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார், சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பலர் கூடிய அவையில், மௌஸ் எனப்படும் சுட்டியைக் கையால் நகர்த்தித் திரையில் உள்ளதைச் சுட்டிக் காட்டலாம் என்று நிரூபித்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தார் அவ்வழியே சென்று, திரையில் விரியும் பட்டியல்களை 1970களில் அமைத்தனர். அவர்கள் 1981இல் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணினியின் விலை 16,000 டாலருக்கும் மேற்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட லிசாவின் விலையோ 9,995 டாலர். எளிய மக்களின் கைக்கு இவை எட்டவில்லை. 1984ஆம் ஆண்டு ஜனவரியில் 2,495 டாலர் விலையில் வந்த மெக்கின்டாஷ் கணினியே இம்முறையைப் பரவலாக மக்களுக்கு அறிமுகம் செய்தது.

லிசாவின் பட்டியலை உருவாக்குவதில் தலைமை வகித்தவர் பில் அட்கின்சன். பட்டியலை எவ்விடத்தில் வைப்பது என்பதை அவர் ஊகத்தால் தீர்மானிக்கவில்லை. பல இடங்களில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு நிலையையும் நிழற்படமாக எடுத்து வைத்து, இறுதியில் திரையின் உச்சி விளிம்பே தக்க இடம் எனத் தெளிந்தார். இதற்கு ஓர் அறிவியல் நியாயமும் உண்டு. இலக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு பெரிது என்பவற்றைப் பொறுத்தே கை அதனை அடையும் நேரம் அமையும் என்று பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலார் 1954இல் காட்டியிருந்தார். திரையின் விளிம்பில் சுட்டி தானே நின்றுவிடும். அதனை மீறிச் செல்ல இயலாது. ஆகவே விளிம்பில் உள்ளதைக் கை எளிதில் பற்றும்.

மற்றொரு நுட்பமும் இங்குக் கருதத்தக்கது. இப்போது செய்ய இயலாத கட்டளையை அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை; அதன் எழுத்தை மங்கலாக்கி அவ்விடத்திலேயே விட்டனர். கண்ணுக்குப் பழகிய இடம் காலியாகக் கூடாது என்பதே அவர்களது கருத்து. 1987இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட நெறிநூலில், திரையின் தோற்றம் நிலைத்திருத்தல் வேண்டும் என்பதும், ஆளுகை பயனாளியிடமே இருத்தல் வேண்டும் என்பதும் தனித்தனிக் கொள்கைகளாக வகுக்கப்பட்டன.

அதே ஆண்டில் ஐபிஎம் நிறுவனமும் ஒரு பொது முறையை வகுத்தது. கோப்பிற்குரிய ஃபைல் என்னும் பட்டியல் முதலில் வருதல் வேண்டும். திருத்தத்திற்குரிய எடிட் அதற்கடுத்து வருதல் வேண்டும். உதவிக்குரிய ஹெல்ப் இறுதியில் நிற்றல் வேண்டும் என்றது அம்முறை. பற்பல நிறுவனத்தாரும் அதனைப் பின்பற்றினர். அதனால் ஒரு மென்பொருளைக் கற்றவன் மற்றொன்றைத் திறந்தபோது திகைக்கவில்லை. ஓரிடத்துக் கல்வி பல இடத்தும் செல்லுபடியாயிற்று.

மக்களைக் கேட்டுச் செய்த புதுமை

இன்று பழையது என்று பலரால் போற்றப்படும் ஸ்டார்ட் பட்டியல் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 உடன் பிறந்தது. அக்காலத்தில் அது முற்றிலும் புதுமை. அது பிறந்த வரலாற்றை, அவ்வேலையில் பங்குகொண்ட கென்ட் சல்லிவன் என்பார் 1996இல் எழுதி வெளியிட்டார். முன்னிருந்த விண்டோஸ் 3.1ஐ வைத்துக்கொண்டு புதியவர்கள் எங்கெங்கு இடறுகின்றனர் என்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் முதலில் கவனித்தனர். பொத்தானை இருமுறை விரைந்து அழுத்துவது பலருக்குக் கைவரவில்லை. ஒரு சாளரத்தின் பின்னே மற்றொன்று மறைந்தால் அது தொலைந்தே போயிற்று என்று கருதினர். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய அமைப்பு அவர்களுக்கு விளங்கவில்லை.

இக்குறைகளைப் போக்கும்பொருட்டு மாதிரிகளைச் செய்வதும், மக்களை அழைத்துச் சோதிப்பதும், தவறியதை எறிந்துவிட்டு மீண்டும் செய்வதுமாக அவர்கள் உழைத்தனர். கற்றுக்குட்டிகளுக்கென்று தனியே ஓர் எளிய முகப்பை அமைக்கலாம் என்ற எண்ணமும் ஆராயப்பட்டது. பின்னர் பெரிய முகப்புக்கு மாறும்போது முன் கற்றதை விட்டுப் புதிதாகக் கற்க நேரும் என்று கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். இறுதியில் திரையின் இடது கீழ்மூலையில், ஸ்டார்ட் என்று சொல்லால் எழுதிய ஒரு பொத்தான் அமைந்தது. தொடங்குவதற்கு இங்கே அழுத்துக என்று ஓர் அம்புக்குறி ஓடிவந்து அதனைச் சுட்டிக் காட்டவும் செய்தது. முதல் ஐந்து வாரங்களில் எழுபது லட்சம் பிரதிகள் விற்றன.

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்று பழைய பட்டியலை விரும்புவோரில் பலர், அன்று விண்டோஸ் 3.1ஐ விட்டுவிட்டு இப்புதுமையை மகிழ்ந்து ஏற்றவர்களே. மாற்றத்தைக் கண்டு அஞ்சுவதே அவர்தம் இயல்பெனில், அன்றே அஞ்சியிருப்பர். ஆகவே மாற்றத்திற்கு அஞ்சுவோர் என்னும் வசை அவர்களுக்குப் பொருந்தாது.

அப்பழைய பட்டியல் குற்றமற்றது என்றும் யாம் வாதிடவில்லை. கணினியை நிறுத்துவதற்கு, தொடங்கு என்று எழுதிய பொத்தானையே அழுத்த வேண்டியிருந்ததை அந்நாளிலேயே பலர் எள்ளி நகைத்தனர். பட்டியலுக்குள் பட்டியலாகப் பக்கவாட்டில் விரிந்து செல்லும் கிளைகளில் கை சற்றே வழுக்கினால் ஏறிய படியெல்லாம் சரிந்துவிடும். குறை இருந்தது உண்மை. அக்குறையைத் திருத்துவது வேறு. வீட்டையே இடிப்பது வேறு.

அஞ்சறைப் பெட்டியின் நியாயம்

நம் இல்லங்களில் உள்ள அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். கடுகு எவ்வறையில், சீரகம் எவ்வறையில், மிளகு எவ்வறையில் என்று சமைப்பவள் பார்த்து எடுப்பதில்லை. கண் அடுப்பில் இருக்கும். கை தானே சென்று எடுத்து வரும். ஒருவன் வந்து, மிகுதியாகச் செலவாகும் பொருளை முன்னே வைத்து அருகிச் செலவாவதைப் பின்னே ஒளித்து, நாள்தோறும் அறைகளை மாற்றி அடுக்குவானாயின் அவ்வுதவியை யார் வேண்டுவர்?

இத்தகைய உதவியைத்தான் 1999இல் வெளிவந்த ஆஃபிஸ் 2000 செய்தது. அடிக்கடி பயன்படும் கட்டளைகள் மட்டும் முதலில் தோன்றும், மற்றவை ஒளிந்துகொள்ளும், சிறிது நேரம் காத்திருந்தாலோ, கீழுள்ள குறியை அழுத்தினாலோ அவை வெளிப்படும். நேற்றுக் கண்ட கட்டளையை இன்று காணாது மக்கள் மயங்கினர்.

இம்மயக்கத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வழி இருந்தது. 1989இல் மிச்செல், ஷ்னைடர்மன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 63 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி முடிவை வெளியிட்டிருந்தனர். நிலையான வரிசையுள்ள பட்டியலையும், பயன்பாட்டிற்கேற்பத் தானே வரிசை மாறும் பட்டியலையும் ஒவ்வொருவரும் கையாண்டனர். முதற்கட்ட வேலைகளில் மாறும் பட்டியலைக் கொண்டோரே பின்தங்கினர். இரண்டாங் கட்டத்தில் வேகத்தில் வேறுபாடு காணப்படவில்லை. எனினும் அவர்களுள் நூற்றுக்கு 81 பேர் நிலையான பட்டியலையே விரும்பினர். கை தேர்ந்த பின்னரும் தம் காலடியில் நிலம் அசைவதை மக்கள் விரும்பவில்லை என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

ரிப்பன் வந்த வரலாறு

2007ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஃபிஸ் 2007 விற்பனைக்கு வந்தது. அதில் ஒளிந்து விளையாடும் பட்டியல் நீக்கப்பட்டது. அதனுடன் இருபதாண்டுக் காலம் மக்கள் கற்றிருந்த பட்டியல் முறையும் பெரும்பாலும் நீக்கப்பட்டது. அவ்விடத்தில் ரிப்பன் என்னும் அகன்ற பட்டை அமர்ந்தது.

எதிர்ப்பக்கத்தாரின் நியாயத்தையும் கூறுவதே நேர்மை. வேர்ட் மென்பொருளின் முதற் பதிப்பில் நூறளவில் இருந்த கட்டளைகள், 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,500க்கு மேற்பட்டுவிட்டன. புதிதாக வேண்டும் என்று மக்கள் கேட்ட வசதிகளுள் பல முன்னமே அதற்குள் இருந்தன. ஆனால் கண்ணில் படவில்லை. நூறு பொருளுக்குக் கட்டிய அலமாரி ஆயிரத்தைந்நூறு பொருளுக்குப் போதாது என்பது மறுக்கவொண்ணாத வாதம். புதிதாய்க் கற்க வந்தோர் பலருக்கு ரிப்பன் எளிதாகவே இருந்தது.

குறை வேறிடத்தில் இருந்தது. பழைய பட்டியலுக்குத் திரும்பும் வழி அடைக்கப்பட்டது. முன்னிருந்த கட்டளை இப்போது எங்குள்ளது என்று காட்ட ஒரு தனி வழிகாட்டியையே நிறுவனம் வெளியிட நேர்ந்தது. ஃபைல் என்னும் சொல்லை எடுத்துவிட்டு, எழுத்தில்லாத வட்டப் பொத்தான் ஒன்றை வைத்தனர். அது வெறும் அலங்காரச் சின்னம் என்று எண்ணிப் பலர் கடந்து சென்றனர். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃபைல் என்னும் சொல் பழைய மூலைக்கே திரும்பி வந்தது. ஒரு சொல்லை நீக்கி மீண்டும் வைக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

பொத்தான் பறிபோனது

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட் பட்டியலை இரு பத்திகளாக மாற்றியது. ஆயினும், பழையதே போதும் என்பார்க்குப் பழைய வடிவத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமையை அளித்தது. 2007இல் வந்த விஸ்டாவிலும் அவ்வுரிமை இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 அதனை நீக்கிற்று. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 26இல் வந்த விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே அகற்றிவிட்டது.

அதன் காரணம் யாது? 2010இல் வெளிவந்த ஐபேட், விரலால் தொட்டு இயக்கும் கருவிகளின்பால் உலகத்தை ஈர்த்தது. அச்சந்தையில் பின்தங்கலாகாது என்று கருதிய மைக்ரோசாஃப்ட், தொடுதிரைக்கேற்ற பெரிய கட்டங்கள் நிரம்பிய முகப்பை எல்லாக் கணினிக்கும் பொதுவாக்கியது. ஸ்டார்ட் பட்டியலைத் திறப்பது முன்னைவிடக் குறைந்துள்ளது என்று கணக்கும் காட்டியது. மேசைமேல் சுட்டியும் விசைப்பலகையும் வைத்துக்கொண்டு வேலை செய்த கோடிக்கணக்கானோர், தம்மிடம் இல்லாத தொடுதிரைக்காகத் தம்மிடம் இருந்த பொத்தானை இழந்தனர். கணினியை நிறுத்துவதற்கும், சுட்டியை வலப்புற மூலைக்குக் கொண்டுசென்று மறைந்திருக்கும் பட்டையை வரவழைக்க வேண்டியதாயிற்று. அறிந்தவர் சொன்னாலன்றி அதனை அறிய வழியில்லை. மனப்பாடக் காலம் புது வேடத்தில் திரும்பிவிட்டது.

எதிர்ப்பு வலுத்தது. 2013 அக்டோபரில் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பிற்று. எனினும் அழுத்தினால் அதே கட்டங்களே விரிந்தன. 2015 ஜூலை 29இல் வெளியான விண்டோஸ் 10இல்தான் பட்டியல் மீண்டும் தன் இடம் பெற்றது. பாடம் முழுதும் கற்கப்பட்டதோ எனின், அதுவும் இல்லை. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையை விட்டு நடுவே பெயர்ந்தது. அதனை இடப்புறம் தள்ளிக்கொள்ள வழி விடப்பட்டது. ஆனால் கீழ்ப்பட்டையைத் திரையின் பக்கத்திற்கோ உச்சிக்கோ மாற்றும் பழைய வசதி அப்போது நீக்கப்பட்டிருந்தது.

தாமே செய்துகொண்டோர்

முறையிட்டுப் பயனில்லை எனக் கண்டோர் சிலர் தாமே செயலில் இறங்கினர். 2009இல் தோன்றிய கிளாசிக் ஷெல் என்னும் இலவச மென்பொருள், இழந்த பட்டியலைப் புதிய விண்டோஸிலும் மீட்டுக் கொடுத்தது. 2017இல் அதனை ஆக்கியவர் வேலையை நிறுத்தியபோது மூலநிரலைப் பொதுவில் வைத்தார். வேறு தன்னார்வலர் ஓப்பன் ஷெல் என்னும் பெயரில் அதனைத் தொடர்ந்தனர்.

லினக்ஸ் உலகில் இதனினும் தெளிவான சான்று உண்டு. 2011 ஏப்ரலில் நோம் என்னும் முகப்பின் மூன்றாம் பதிப்பு, பழகிய பட்டியலையும் கீழ்ப்பட்டையையும் விலக்கியது. அம்மென்பொருளின் உரிமம், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள இடந்தருவது. எனவே அதே ஆண்டில் அர்ஜென்டினா நாட்டுப் பயனாளி ஒருவர், கைவிடப்பட்ட இரண்டாம் பதிப்பை எடுத்து மாத்தே என்று பெயரிட்டு வளர்க்கத் தொடங்கினார். மாத்தே என்பது அந்நாட்டார் தேநீர்போல் அருந்தும் ஒரு பச்சிலைப் பானம். லினக்ஸின் கருவை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் நோம் மூன்றைக் கடிந்து வேறு முகப்புக்கு மாறினார். பிற்பாடு, வேண்டியவாறு திருத்திக்கொள்ளும் துணைநிரல்கள் வந்த பின், அதே நோமிற்குத் திரும்பினார். நோம் அமைப்பாரும் 2013இல் பழைய பாங்கில் ஒரு முகப்பைத் தாமே சேர்த்தனர்.

இச்செய்தி நம் வழக்கிற்குத் திறவுகோல் போன்றது. அவர் வெறுத்தது புதுமையை அன்று. தம் கையை விட்டு ஆளுகை போனதையே வெறுத்தார். ஆளுகை திரும்பியபோது வெறுப்பும் நீங்கிற்று.

யாருடைய உடைமை?

ஒரு மென்பொருளின் உரிமை அதனைச் செய்த நிறுவனத்தாருக்கு உரியதாயிருக்கலாம். ஆனால் எக்கட்டளை எங்குள்ளது என்னும் அறிவு யாருடையது? அதனை எந்த நிறுவனமும் எவர் தலையிலும் ஊற்றிவிடவில்லை. ஒவ்வொருவரும் தம் நேரத்தைச் செலவிட்டு, தவறித் தவறிக் கற்று, தம் விரலிலும் கண்ணிலும் சேர்த்து வைத்த உடைமை அது. ஓர் இரவில் பட்டியலைக் கலைத்து அடுக்கும்போது அவ்வுடைமை ஈடின்றி அழிகின்றது.

அவ்விழப்பு எல்லோர்க்கும் சமமன்று. இளமையில் கற்றவனும், பிழைப்பே கணினியாகக் கொண்டவனும் ஒரு வாரத்தில் மீண்டுவிடுவர். ஐம்பது வயதுக்கு மேல், ஏட்டில் படி படியாகக் குறித்துக்கொண்டு கற்ற தோட்டத்துக் கிராணியையும், மகன் ஊரிலில்லாத வேளையில் கடிதம் எழுதக் கற்ற தாயையும் எண்ணிப் பாருங்கள். குறிப்பேட்டில் எழுதிய இடத்தில் பொத்தான் இல்லை. அவர்கள் பட்டியலைப் பழிப்பதில்லை. தம் அறிவு மழுங்கிவிட்டதென்று தம்மையே நொந்துகொள்கின்றனர். உழைத்துக் கற்ற ஒருவன் தன்னையே அறிவிலி என்று நினைக்கச் செய்வது முன்னேற்றம் ஆகாது.

அவ்வாறாயின் எதனையும் மாற்றவே கூடாதோ என்று சிலர் வினவுவர். மாற்றலாம், மாற்றவும் வேண்டும். 1984இன் மாற்றமும் 1995இன் மாற்றமும் நிகழ்ந்திராவிட்டால் நம்மில் பெரும்பாலோர் கணினியின் அருகே சென்றிருக்கமாட்டோம். எல்லாப் பழைய வடிவங்களையும் என்றென்றும் காத்து நிற்பது செய்வோர்க்குப் பெருஞ்சுமை என்பதும் மெய். ஆயினும் நாம் கண்ட வரலாறு மூன்று நெறிகளைக் காட்டுகின்றது. முதலாவது, பயன்படுத்துவோரின் இடர் எதுவெனக் கேட்டு, அவ்விடரை நீக்கவே மாற்றம் செய்தல். இரண்டாவது, செய்த மாற்றத்தை எளிய மக்களைக் கொண்டு சோதித்தல். மூன்றாவது, பழைய வழியைத் திடீரென அடைக்காது, விரும்புவோர் செல்லத் திறந்து வைத்தல். லிப்ரே ஆஃபிஸ் என்னும் இலவச மென்பொருள் பழைய பட்டியலை முதன்மையாக வைத்து, ரிப்பன் போன்ற அமைப்பையும் விருப்பத்திற்கு விட்டிருப்பது இம்மூன்றாம் நெறி இயலாத காரியம் அன்று என்பதற்குச் சான்று.

ஆகவே, பழைய பட்டியலை விரும்புகின்றேன் என்று ஒருவர் கூறுவாராயின், அவரை நகைப்பதன் முன், அவர் எதனை இழந்தார் என்று கேளுங்கள். புதியதை ஏற்கச் சொல்வோரிடம், இது யாருடைய இடரை நீக்க வந்தது என்று கேளுங்கள். இவ்விரு வினாக்களுக்கும் விடை பெற்ற பின், பழையதை வைத்துக்கொள்வதா புதியதை ஏற்பதா என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்யட்டும்.